வேகனில் ஒரு பெயர், சுவரில் ஒரு படம்

2019, கோடை முடிகிற சமயம். காட்பாடிக்கு மேற்கே ஜோலார்பேட்டை போகிற வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு லூப் லைனில் ஒரு காலி கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. என் பட்டறையில் வேலை பார்த்த பையன் ஒருவன் சாயங்காலம் கால் லிட்டர் வெள்ளை எனாமலும் இரண்டு பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போய், அந்த வண்டியில் ஒரு வேகனின் பக்கவாட்டுத் தகட்டில் தன் பெயரை எழுதினான். எழுத்து முடிந்து ஷேடு கொடுத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டான்.

நான்கு வருடம் கழித்து அதே பாதையில் இன்னொரு ஸ்டேஷனில் பிளாட்பாரச் சுவருக்குப் படம் வரைய ஆள் தேடினார்கள். கான்ட்ராக்டர் கூப்பிட்டது அதே பையனை. முதல் தடவை அபராதம் கட்டினான், இரண்டாம் தடவை கூலி வாங்கினான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ரயிலில் கிறுக்குவது குற்றம், ரயில் நிலையத்தில் வரைவது கலை என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். இரண்டுக்கும் நடுவில் நின்றவன் என்கிற முறையில் எனக்கு அது அவ்வளவு சுலபமாகப் படவில்லை.

பையன் பெயரையும் இரண்டு ஸ்டேஷன்களின் பெயரையும் விட்டுவிடுகிறேன். பட்டறையில் எல்லோரும் கூப்பிட்டது போல சின்னவன் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தச் சாயங்காலம்

நான் வேலூரில் 18 வருடம் போர்டு எழுதியவன். கடைப் பலகை, சுவர் விளம்பரம், கட்சிச் சுவர், பள்ளிக்கூட கேட், லாரியின் பின்பக்கம் எல்லாம் எழுதியாயிற்று. ஃப்ளெக்ஸ் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு பிரிண்டுக்கு அனுப்பிப் பிழைக்கிறேன். தொழில் படுத்த பிறகுதான் சின்னவன் வந்து சேர்ந்தான். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். ஃப்ளெக்ஸுக்குச் சட்டம் அடிக்க வந்தவன், மூலையில் கிடந்த பழைய பிரஷ்களைப் பார்த்துவிட்டு எழுதக் கற்றுக்கொடு என்று நச்சரித்தான். ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்தில் ஆரம்பித்து, ஆறு மாதத்தில் அ, ஜ, ழ வரைக்கும் வந்துவிட்டான். எழுத்து படிந்துவிட்டது, எழுத இடம்தான் இல்லை. மாதம் ஒரு சுவர் கிடைத்தாலே அதிசயம்.

வேகன் எதற்கு என்று பிறகு கேட்டேன். ஊருக்கும் பட்டறைக்கும் தினமும் பாசஞ்சரில் வந்து போகிறவன் அவன். லூப் லைனில் கூட்ஸ் வண்டி மணிக்கணக்கில் நிற்பதைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்திருக்கிறது. "அவ்ளோ பெரிய தகடுண்ணா. செவுரு மாதிரி சொரசொரப்பு இல்ல. போர்டு மாதிரி வழவழன்னு கீது." தொழில்காரன் பதில். அவன் எடுத்த போட்டோவைப் பார்த்தேன். முதலில் சாக்பீஸ் தூளில் நூல் போட்டிருக்கிறான். மேலே பெயர், இரண்டடி உயரம். கீழே ஊர்ப் பெயர், அதில் பாதி உயரம். வெள்ளை எழுத்துக்கு வலது கீழ்ப்பக்கம் கறுப்பு ஷேடு. ஊர்ப் பெயரில் ஒரு ழ வருகிறது. அந்தச் சுழி நான் எழுதினால்கூட அப்படி வந்திருக்குமா என்று சந்தேகம்.

தண்டவாளம் பார்த்துக்கொண்டு வந்த கீமேன் கண்ணில் பட்டு, ஸ்டேஷனுக்குச் சொல்லி, ஆள் வந்தது. கீமேனைப் பார்த்ததுமே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. "ஷேடு பாதியில நின்னா அசிங்கமா இருக்கும்ணா" என்றான்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. கூட்ஸ் வண்டியை எழுத்து அழிக்கிறதற்காக யார் நிறுத்தி வைப்பார்கள்? குற்றம் செய்தவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், சாட்சிப் பொருள் சிக்னல் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அபராதம் கட்டினோம். மிரட்டலோ அடியோ எதுவும் இல்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவன் தரையில் நின்று எழுதினான், அதனால்தான் இந்தக் கதையை இப்படி லேசாக எழுத முடிகிறது. அந்தப் பாதையில் மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட். வேகன் மேல் ஏறினவனுக்குக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே இழுத்துவிடும். செல்ஃபி எடுக்க ஏறிக் கருகிய பிள்ளைகளின் செய்தி வருடம் தவறாமல் வருகிறது. அன்று இரவு அவனை நான் திட்டியது எழுதினதற்காக இல்லை, அங்கே போனதற்காக.

எந்தப் பிரிவு?

1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தில் இதற்கென்றே செய்தது போல ஒரு பிரிவு இருக்கிறது, 166. ரயில்வே வைத்த பலகையையோ அறிவிப்பையோ பிடுங்கினாலோ சேதப்படுத்தினாலோ, பலகையிலும் வண்டியிலும் இருக்கிற எழுத்தையோ எண்ணையோ அழித்தாலோ மாற்றினாலோ, ஒரு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நன்றாகப் படித்துப் பாருங்கள். இருக்கிற எழுத்தை அழிப்பது குற்றம் என்கிறது. புதிதாக எழுதுவதைப் பற்றி அந்த வாசகத்தில் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வேகனுக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அதற்கடுத்த இரண்டு செய்த வருடம், பிறகு நான்கு இலக்கம் அதன் தனி எண், கடைசி ஒன்று சரிபார்க்கும் இலக்கம். இந்த எண் மறைந்தால் வேகனுக்கு ஆதார் கார்டு தொலைந்த மாதிரி. சின்னவன் அந்த எண்ணைத் தொடவில்லை. பக்கத்திலேயே போகவில்லை. சட்டம் தெரிந்து செய்தானா என்று கேட்டதற்குச் சிரித்தான். "இன்னொருத்தர் எழுத்து மேல எழுதக்கூடாதுன்னு நீதான சொல்லிக் குடுத்த." உண்மைதான். போர்டு தொழிலில் அது ஒரு ஒழுங்கு. அடுத்த ஆர்ட்டிஸ்ட் எழுதின சுவரை, கெடு முடிந்து சுண்ணாம்பு அடிக்கிற வரைக்கும் நாங்கள் தொடமாட்டோம்.

கடைசியில் வழக்கு 147-ல் போட்டார்கள். அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்தில் நுழைவது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். ஆக, எழுதினவனை எழுதினதற்காகத் தண்டிக்கவில்லை, அங்கே நின்றதற்காகத் தண்டித்தார்கள். அன்று இரவு நான் திட்டியதும் அதற்காகவே என்பதால், இதில் எனக்கும் சட்டத்துக்கும் தகராறு இல்லை.

166-இல் வருகிற அந்தப் பலகை விஷயம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 1952 ஆகஸ்டில் பெரியார் அழைத்ததன் பேரில் ஸ்டேஷன் பலகைகளில் இந்தி எழுத்துகளின் மேல் தார் பூசினார்கள். 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் பலகையில் கல்லக்குடி என்ற தாளை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார் கருணாநிதி. 2025 பிப்ரவரியில்கூட பொள்ளாச்சியிலும் பாளையங்கோட்டையிலும் இந்தி எழுத்தில் கறுப்புப் பெயிண்ட் விழுந்தது, வழக்கும் போட்டார்கள். ரயில்வே சொத்தில் பெயிண்ட் பூசுகிற பரம்பரை நமக்குப் புதிதில்லை என்று சொல்ல வருகிறேன். ஆனால் அது எழுதிய பரம்பரையைக் காட்டிலும் அழித்த பரம்பரை. பட்டப்பகலில், கொடியோடு, கைதாகத் தயாராகச் செய்தது. அங்கே பேச்சு ஊரின் பெயர் என்ன, அது எந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்பது. சின்னவனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தன் பெயர் ஓடவேண்டும், அவ்வளவுதான்.

பெயரும் தெரு எண்ணும்

ரயிலில் பெயர் எழுதுவது என்றால் உலகம் முதலில் காட்டுவது நியூயார்க்கை. அங்கே 1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. டாக்கி 183 என்ற பெயர் ஊர் முழுக்கச் சுரங்க ரயில் நிலையங்களிலும் பெட்டிகளிலும் இருக்கிறதே, யார் இது என்று. கிரேக்கக் குடும்பத்துப் பையன். கடிதமும் பார்சலும் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. டாக்கி அவன் செல்லப் பெயர், 183 அவன் குடியிருந்த தெருவின் எண். செய்தி வந்ததும் பார்த்த பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு பெயரும் எண்ணுமாகக் கிளம்பிவிட்டார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சின்னவன் எழுதின இரண்டு வரிதான் நினைவுக்கு வந்தது. மேலே பெயர், கீழே ஊர். அவனுக்கு டாக்கியைத் தெரியாது. பெயரோடு ஊரைச் சேர்ப்பது நம்மிடம் எவ்வளவு பழைய வழக்கம்! இனிஷியலில் ஊர் முதல் எழுத்தைப் போடுகிற ஜனம் நாம். அந்த ஊர் நம்மைக் கண்டுகொள்கிறதோ இல்லையோ, நாம் அதை விடுவதில்லை.

ரயிலைத் தேர்ந்தெடுத்த காரணமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. சுவர் நின்ற இடத்தில் நிற்கும், படிக்கிறவன் வரவேண்டும். ரயில் படிக்கிறவனைத் தேடிப் போகும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் எழுதினால் புரூக்ளின் பகுதியில் படிப்பான். காட்பாடியில் எழுதினால் எங்கேயெங்கேயோ படிப்பான், தமிழ் தெரிந்தவனாக இருந்தால்.

எழுபதுகளில் அங்கே பெயர் வளர்ந்தது. முதலில் மார்க்கர் கையெழுத்து, பிறகு ஸ்பிரே, பிறகு ஜன்னலோடு சேர்த்து முழுப் பெட்டி. எழுத்துக்கு அவுட்லைன், உள்ளே ஃபில்லிங், வெளியே ஷேடு. நாங்கள் செய்த அதே வரிசைதான், நூல் போடாமல், இருட்டில், அவசரத்தில். ரயிலுக்கு மின்சாரம் தருகிற மூன்றாவது தண்டவாளத்தில் 600 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற யார்டில். அந்தப் பெட்டிகளின் படங்களைப் பார்த்தால் சிலது கிறுக்கல், சிலது பொறாமைப்பட வைக்கிற எழுத்து. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கலை என்பவர்களையும் நம்பமாட்டேன், ஒரே சொல்லில் குப்பை என்பவர்களையும் நம்பமாட்டேன். அந்தப் பெட்டியில் தினமும் வேலைக்குப் போனவர்களுக்கு ஜன்னல் மறைந்து எந்த ஸ்டேஷன் என்று தெரியாமல் போனதும் நிஜம்.

1984-ல் அங்கே ரயில் நிர்வாகத்துக்கு டேவிட் கன் என்பவர் தலைவராக வந்தார். அவர் வழி எளிமையானது. கழுவிச் சுத்தம் செய்த பெட்டி ஒன்று, எழுத்தோடு மறுபடி ஓடக்கூடாது. எழுதினால் உடனே கழுவு, முடியாவிட்டால் ஓட்டாதே. எழுதினவன் தன் பெயர் ஓடுவதைப் பார்க்கத்தானே எழுதுகிறான், அதை இல்லாமல் ஆக்கிவிட்டார். 1989 மே 12 அன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் எழுத்துள்ள கடைசிப் பெட்டியும் ஓய்ந்தது என்று அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கழுவல் நடந்துகொண்டிருந்த 1985-லேயே அதே போக்குவரத்து ஆணையம் ஸ்டேஷன்களில் கலைப் படைப்புகள் வைக்கத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஒரு கை கழுவுகிறது, இன்னொரு கை ஒட்டுகிறது. அதே ஸ்டேஷன்களில் காலி விளம்பரச் சட்டங்களின் கறுப்புத் தாளில் கீத் ஹேரிங் சாக்பீஸால் வரைந்து பலமுறை பிடிபட்டார், பிறகு உலகம் முழுக்க மியூசியங்களில் தொங்கினார். ரயில் பெட்டிகளில் வரைந்த லீ கினோனெஸின் ஓவியங்களும் இன்று மியூசியத்தில் இருக்கின்றன.

ஃபிலடெல்பியா வேறு வழியில் போனது. 1984-ல் கிறுக்கலை ஒழிக்க நகராட்சி ஒரு அமைப்பு தொடங்கி, ஜேன் கோல்டன் என்ற ஓவியரை வேலைக்கு எடுத்தது. எழுதுகிற பிள்ளைகளைப் பிடித்து, இனி எழுதமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, கையில் பிரஷ் கொடுத்துச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைய வைத்தார்கள். அது வளர்ந்து ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் உள்ள நகரமாகிவிட்டது. கிறுக்கல்காரனைக் கலைஞனாக்கிய கதை என்று இதைச் சொல்வார்கள். என் தொழில் புத்திக்கு வேறு ஒன்று படுகிறது. அவன் முன்பே எழுதத் தெரிந்தவன். புதிதாக அவனுக்குக் கிடைத்தது திறமை இல்லை, சுவர்.

நம் நாட்டில் ரயில் கிராஃபிட்டி என்று செய்தி வந்ததெல்லாம் பெரும்பாலும் மெட்ரோக்களில். 2022 மே மாதம் கொச்சி மெட்ரோவின் முட்டம் யார்டில் நின்ற பெட்டிகளில் 'ஸ்பிளாஷ்', 'பர்ன்' என்று ஸ்பிரே எழுத்து. அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத் மெட்ரோவில் எழுதியதாக நான்கு இத்தாலியர்களைப் பிடித்தார்கள். ஊர் ஊராகப் பறந்து போய் ரயிலில் எழுதுகிற கூட்டம் உலகத்தில் உண்டு. அதற்கும் எங்கள் விஷயத்துக்கும் சம்பந்தம் குறைவு. விமானச் சீட்டு எடுத்து வந்து எழுதுகிறவனையும், பாசஞ்சர் சீசன் டிக்கெட்டில் வந்து எழுதுகிறவனையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை.

'ஆர்ட்ஸ், வேலூர்'

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏன் நியூயார்க் மாதிரி ரயிலில் எழுதவில்லை என்று யாராவது கேட்டால், சுவர் இருந்ததே என்பேன். நான் தொழிலுக்கு வந்தபோது வேலூரில் எழுதாத சுவர் குறைவு. பீடி, சிமெண்ட், ஜவுளிக்கடை, சர்க்கஸ், கட்சி மாநாடு. தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே சுவர் பிடிக்கிற படலம் ஆரம்பமாகும். நான்கு மூலையிலும் கட்சிப் பெயர் எழுதி ரிசர்வ் என்று போட்டுவிட்டால் அந்தச் சுவர் அவர்களுடையது. வீட்டுக்காரரைக் கேட்டார்களா என்றால், பாதிச் சுவருக்குக் கேட்டிருக்கமாட்டார்கள். திறந்தவெளி அலங்கோலத் தடுப்புக்கு 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஒரு பக்கம், சுண்ணாம்பு டப்பா ஒரு பக்கம்.

அந்த விளம்பரங்கள் ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையையும் பாருங்கள், எங்காவது பழைய சுவர் மிச்சம் இருந்தால். அடிக்கணக்கில் உயரமான சிமெண்ட் பெயருக்குக் கீழே இரண்டு அங்குல உயரத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ஆர்ட்ஸ், வேலூர். அதுதான் எங்கள் கையெழுத்து. கம்பெனிக்காரன் அதற்குப் பணம் கொடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை. எழுதினவன் பெயர் போடுவது கூலியில் ஒரு பங்கு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட காலம். லாரியிலும் அப்படியே. பின்கதவில் தாமரையும் மயிலும் வரைந்தவன் ஓரத்தில் தன் பெயரைப் போடுவான். அந்த லாரி நாக்பூர் வரைக்கும் போகும், பெயரும் போகும். எனக்கு அப்படி நாசிக்கிலிருந்து ஒரு போன் வந்திருக்கிறது. வேலைக்கு இல்லை, மயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான்.

ஃப்ளெக்ஸ் வந்தபோது கூலி போனதை எல்லோரும் பேசினார்கள். மூலையில் இருந்த அந்த இரண்டு அங்குலம் போனதை யாரும் பேசவில்லை. இன்று என் டிசைன் நாற்பதடி நீளத்தில் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதும் அதில் பிரிண்ட் போட்ட கடையின் பெயர்தான் இருக்கிறது. சின்னவன் தொழில் கற்றது இந்தக் காலத்தில். எழுத்து வந்துவிட்டது, மூலை இல்லை. அவன் ஒரு வேகனையே மூலையாக எடுத்துக்கொண்டான்.

ரயிலில் பெயரே இல்லை என்றும் இல்லை. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறவர்கள் கதவோரம் சாக்பீஸில் கணக்கு எழுதுவார்கள். பாசஞ்சர் கழிவறையில் இதயமும் அம்பும் போன் நம்பரும் இருக்கும். அதை ஆய்வு செய்ய யாரும் வருவதில்லை, நானும் செய்யப்போவதில்லை. மறுபக்கம், டெண்டர் எடுத்தவர் முழுப் பெட்டியையும் மூடி ஸ்டிக்கர் ஒட்டலாம். கம்பெனிப் பெயர் ஆளுயரத்துக்கு ஊர் ஊராக ஓடும். ரயில்வேக்கு அது வருமானம், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பெயர் ஓடுவதே தப்பு என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

நான்கு வருடம் கழித்து

2023-ல் அந்த இன்னொரு ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்து அழகு செய்தார்கள். பிளாட்பாரத்தை ஒட்டிய சுவரில் வட்டாரப் பெருமைகளைப் படமாக வரைய ஒரு கான்ட்ராக்டர் ஆள் தேடி என்னிடம் வந்தார். எனக்கு முதுகு வலி, சின்னவனை அனுப்பினேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி. வரைய வேண்டியதைக் கலர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார். வேலூர் கோட்டையும் அகழியும், ஜலகண்டேஸ்வரர் கோயில், ஆற்காடு டெல்லி கேட், பொற்கோயில், பாலாறு.

பாலாற்றில் தண்ணீர் நீலமாக, கரை புரள வேண்டும் என்று தனியாகச் சொன்னார். 2021 நவம்பர் வெள்ளத்தை விட்டால் அந்த ஆற்றில் நாம் வருடம் முழுக்கப் பார்ப்பது மணல்தான், அந்த மணலும் குறைந்துகொண்டே வருகிறது. சரி, பெருமை என்று சொல்லியாயிற்று, மணலையா வரைய முடியும்?

சின்னவன் பிரிண்டைப் பார்த்து வரைகிறவன் இல்லை. கோட்டைக்கு இரண்டு நாள் போய், உள்ளே இருக்கிற கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாய்கிற குதிரையும் யாளியும் இருக்கிற தூண்கள். பிரிண்டில் கோபுரம் மட்டும்தான் இருந்தது, இவன் ஒரு தூணைச் சேர்த்தான். எனக்குச் சுவர் முழுவதிலும் பிடித்தது அந்தத் தூண் ஒன்றுதான். மற்றது சுத்தமான வேலை, அவ்வளவே. நேர்மையாகச் சொன்னால் அந்த முழுச் சுவரைக் காட்டிலும் வேகனில் எழுதின ழ ஒசத்தி.

வேலை முடிந்த அன்று மூலையில் பெயர் போடப் போனான். கான்ட்ராக்டர் தடுத்துவிட்டார். கோபமாக இல்லை, சாதாரணமாகவே. "அதெல்லாம் போடக்கூடாதுப்பா, கவர்மெண்ட் செவுரு." அடுத்த வாரம் அதே மூலைக்கு மேலே, செலவைப் பகிர்ந்துகொண்ட ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகை திருகப்பட்டது.

இங்கேதான் எனக்கு இரண்டு சம்பவமும் ஒன்றாகத் தெரிந்தது. வேகனில் இருந்தது பெயர், படம் இல்லை. சுவரில் இருப்பது படம், பெயர் இல்லை. முன்னதைக் கிறுக்கல் என்றோம், பின்னதைப் பொதுக் கலை என்கிறோம். எனாமல் டப்பா அதே பிராண்ட். இடத்துக்கு உடையவர் சம்மதம் இருந்ததா என்பது பெரிய வித்தியாசம், அதை மறுக்கவில்லை. ஆனால் சம்மதம் கொடுக்கும்போது நாம் என்னத்தைப் பிடுங்கிக்கொள்கிறோம் என்பதையும் பார்க்கவேண்டும்.

சட்டம் அவன் பக்கம் இருந்திருக்கலாம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, படைப்பை விற்றுவிட்ட பிறகும் இது நான் செய்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவனுக்கு உண்டு என்கிறது. சிதைத்தால் கேட்கிற உரிமையும் உண்டு. சிற்பி அமர்நாத் சேகலின் வழக்கு இதற்குப் பெரிய உதாரணம். டெல்லி விஞ்ஞான் பவனில் சுமார் 140 அடி நீளத்துக்கு அவர் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் பெயர் இருந்த பகுதியும் அதில் போயிற்று. வழக்கு நடந்து 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு தரவும் சொன்னது. நியூயார்க்கில் 5பாயின்ட்ஸ் என்ற கட்டடத்தின் ஸ்பிரே ஓவியங்களை உரிமையாளர் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்ததற்கு, 2018-ல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. கட்டடம் அவருடையது, எழுத அனுமதித்ததும் அவர்தான். அப்படியும் நினைத்தபோது அழிக்க முடியவில்லை.

சின்னவனிடம் 57-ஐ விளக்கினேன். கேஸ் போடலாமா என்று கேட்கவில்லை. அடுத்த வேலை வருமா என்று கேட்டான்.

சென்னையில் நிலைமை கொஞ்சம் வேறு. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் முகப்பு முழுக்க 2021-ல் முகங்கள் வரைந்தார்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக்கூடாது என்பதற்காக. வரைந்தவர்களில் ஒருவர் ஏ-கில் என்ற சென்னைக்காரர். அது கிராஃபிட்டிக்காரர் வைத்துக்கொள்கிற மாதிரியான பெயர். அந்தப் பெயரிலேயே வரைந்தார், அந்தப் பெயரிலேயே பத்திரிகைகளில் வந்தார். கண்ணகி நகர் சுவரோவியங்களும் அப்படித்தான், யார் எதை வரைந்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. அங்கே நடுவில் இருந்தது கலைக்கான ஒரு அறக்கட்டளை. எங்கள் பக்கம் நடுவில் இருந்தது சதுர அடிக் கணக்கு. கான்ட்ராக்டரை நான் குறை சொல்லமாட்டேன். பெயிண்டருக்குக் கையெழுத்து உண்டு என்று அவர் எடுத்த டெண்டர் தாளில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் எதற்குத் தடுக்கப்போகிறார்?

போன மாதம்

வேகன் இன்னும் ஓடுகிறதா தெரியாது. சில வருடத்துக்கு ஒருமுறை பணிமனைக்குப் போய்ப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வரும் என்பதால் பெயர் அழிந்தும் இருக்கலாம். சின்னவன் அப்படி நினைப்பதில்லை. "அது ஊர் ஊரா போய்க்கினு கீதுண்ணா. இது இங்கியே நிக்குது" என்றான் சுவரைக் காட்டி. போன மாதம் இரண்டு பேரும் அந்த ஸ்டேஷனில் இறங்கியிருந்தோம்.

சுவரின் கீழ் இரண்டடி வெற்றிலைச் சிவப்பு. கோட்டை நன்றாக இருக்கிறது. பாலாறு வெயிலில் கொஞ்சம் வெளுத்து, நிஜ ஆற்றை நோக்கி ஒரு படி போயிருக்கிறது. யாளித் தூண் மேல் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பெரியவர் ஒருவரின் படம், பெயர், ஊர், தோற்றம், மறைவு. கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் என்று வரிசையாகப் பதினாறு பேர்.

எனக்குக் கோபம் வந்தது. ஓரத்தைப் பிடித்து இழுக்கப் போனேன். சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வுடுண்ணா. பேரு போட்டுக்கிறாங்க."